பூப்போட்ட போர்வைகள்

தாழைமடை மேல்நிலைப்பள்ளியில் இலவசக் கண் முகாம் நடந்த அன்று, முதல் ஆளாகப் படுத்த டீக்கடை சேர்மக்கனியின் இடது கண்ணிலிருந்து டாக்டர் பிரிசில்லா உரித்து எடுத்தது புரை இல்லை, சினிமா போஸ்டர். நகத்தளவுதான் இருந்தது, வெங்காயச் சருகு மாதிரி ஈரமாக. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அரிவாளை ஓங்கி நிற்கும் ஒரு சிவந்த கதாநாயகனும் அவன் காலடியில் விழுந்து கிடக்கும் கறுத்த ஆட்கள் நாலைந்து பேரும் தெரிந்தார்கள். தொட்டால் விரலை விட மறுத்தது. மைதாப் பசை புளித்துப்போன நாற்றம் அடித்தது. டாக்டரம்மா மூக்கைச் சுளித்ததோடு சரி. "இன்னும் இருக்கு, அசையாமப் படுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். போஸ்டருக்கு அடியில் மாலைப் பேப்பர் துண்டு ஒன்று வந்தது, அதற்கும் அடியில் ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கம் வந்தது, எல்லாவற்றுக்கும் அடியில், வேர் பிடித்த மாதிரி ஒட்டிக்கிடந்த கடைசித் தோலை இழுத்தபோது, மரத்துப்போக ஊசி போட்டிருந்தும் சேர்மக்கனி "அம்மா" என்று அலறினார். அந்தத் தோலில் கோணிக்காரன் இருந்தான்.

அன்றைக்குப் படுத்த எல்லார் கண்ணிலும் இதே கதைதான். வரலாற்று வாத்தியார் ஞானப்பிரகாசத்தின் கண்ணிலிருந்து யானையும் குதிரையும் கிரீடமுமாக ஒரு ராஜவம்சமே வந்தது. அத்தனை பேருக்கும் சோறு ஆக்கியவனோ யானைச் சாணி அள்ளியவனோ அதில் ஒருவன்கூட இல்லை. லைப்ரரியே கதி என்று கிடக்கும் கோமதியின் கண்ணிலிருந்து வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் அடுக்கடுக்காக வந்தன, எல்லாவற்றிலும் நல்லவள் அழுதுகொண்டிருந்தாள், எல்லாவற்றிலும் வேலைக்காரி திருடிக்கொண்டிருந்தாள். மேலே என்ன இருந்தாலும் அடித்தோல் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: பனை உயரம், சடை விழுந்த தலை, சிவந்த கண், தோளில் கோணிச்சாக்கு, சாக்கின் வாயிலிருந்து தொங்கும் இரண்டு சின்னக் கால்கள். எனக்கும் அன்றைக்குத்தான் இடது கண்ணை உரித்தார்கள். ஒரு முகாமில் ஒரு கண்தான் என்பது டாக்டரம்மாவின் சட்டம், அதனால் என் வலது கண் இன்றுவரை அப்படியே இருக்கிறது, நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும்.

கோணிக்காரன் யார் என்று தாழைமடையில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மற்ற ஊரில் பிள்ளைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவார்கள், எங்கள் ஊரில் கோணிக்காரனைக் காட்டித்தான் ஊட்டுவோம். ஒரு வாய் வாங்கு, அந்தா வாரான். இன்னொரு வாய் வாங்கு, தெருமுக்குத் திரும்பிட்டான். கடைசி வாய், கதவைத் தட்டுறான். கதை ஊருக்குப் பழசு, ஆனால் அவனுக்கு ஒரு முகம் கொடுத்தது அங்கன்வாடி நாகவல்லி டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகள் சத்துமாவு உருண்டையைத் துப்பித் துப்பி வைக்கிறதே என்று, அங்கன்வாடிச் சுவரில் கலர்ச் சுண்ணாம்பால் ஆள் உயரத்துக்கு அவனை வரைந்து வைத்தாள். பிள்ளைகள் துப்புவதை நிறுத்தின. அங்கே பிள்ளையாக உட்கார்ந்தவர்களும் பார்த்தார்கள், பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவர்களும் பார்த்தார்கள், ஓட்டுப்போட வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள், அப்படியே ஊர் முழுவதும் அவன் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்.

உரித்த தோலை என்ன செய்வது என்று டாக்டரம்மா கேட்டதற்கு ஊர் ஒரே குரலில் "எங்க பொருளை எங்ககிட்டயே குடுத்திருங்க" என்றது. அவரவர் பஞ்சில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார்கள். ஒரு வாரத்தில் அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. வாசலில் காய்கிற தோலைப் பார்த்துத்தான் விருந்தாளி வீட்டை எடைபோட்டான்; சினிமாத்தோல் வீட்டுக்காரி பாடப்புத்தகத்தோல் வீட்டுக்காரியோடு பேச்சைக் குறைத்தாள்; தரகர் பெண்ணின் ஜாதகத்தோடு அப்பாவின் கண்ணில் என்ன படம் என்பதையும் சேர்த்து விசாரித்தார். பள்ளிக்கூடம் போகாத, பேப்பர் படிக்காத, கோணிக்காரனைத் தவிர வேறு எதுவும் கண்ணில் இல்லாத கூலிக்காரர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்துக் காயவைத்தார்கள். புளித்த நாற்றம் தெருவெல்லாம் நின்றது, எறும்பு சாரை சாரையாகக் கொடிக்கம்பத்தில் ஏறியது, நாய்கள் அண்ணாந்து நக்கப் பார்த்தன, பஸ் தாழைமடைக்குள் நுழைந்ததும் வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். "நாத்தமா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்று நாங்கள் சொன்னோம், உண்மையிலேயே தெரியவில்லை.

தொல்லை, கட்டை அவிழ்த்து இடது கண்ணால் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது. சேர்மக்கனி தன் கடையின் பின்கூரையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்த டம்ளர்களை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கென்று அவர் அப்பா காலத்திலிருந்து தொங்குகிற டம்ளர்களை, பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அன்றைக்குத்தான் அவற்றில் பாசி பிடித்திருப்பதும் பல்லி எச்சம் காய்ந்திருப்பதும் அதிலேதான் இத்தனை காலமாக மனிதர்களுக்கு ஊற்றிக் கொடுத்தோம் என்பதும் தெரிந்து, கொதிக்கிற பாலுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார். ஞானப்பிரகாசம் வாத்தியார் வருஷாவருஷம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் "இங்கேதான் மன்னர் நின்றார்" என்று காட்டுகிற கோட்டைமேட்டில், மன்னர் நின்ற கல்லுக்குப் பதில் அந்தக் கல்லைச் சுமந்து ஏறியவர்களின் முழங்கால் பட்டுத் தேய்ந்த படிகளைப் பார்த்துவிட்டு வந்து சோற்றைத் தள்ளிவைத்தார். கோமதி, வளையலைத் திருடிவிட்டதாகத் தான் துரத்திவிட்ட வேலைக்காரியைச் சந்தையில் பார்த்தாள், பார்த்ததும் வளையல் எங்கே விழுந்திருக்கும் என்பது ஞாபகம் வந்துவிட்டது. தண்டவாளத்தில் தலைவைத்த மாதிரி ஊரே கிடந்தது. ஆனால் தாழைமடைக்காரன் எதற்கும் ஒரு வழி கண்டுபிடிப்பான். இடது கண்ணை மூடிக்கொண்டால் வலது கண்ணில் எல்லாம் பழையபடி இருந்தது. டீக்கடையில் ஒரு கண்ணை மூடி டீ ஆற்றினார்கள், வகுப்பில் ஒரு கண்ணை மூடிப் பாடம் நடத்தினார்கள், கல்யாண வீட்டில் ஒரு கண்ணை மூடி மொய் எழுதினார்கள். ஊர் மொத்தமும் கண்ணடிக்கிறதே என்று கண்டக்டர்கள் கேலி பேசினார்கள், நாங்கள் அதையும் சிரித்து வாங்கிக்கொண்டோம்.

இதுவரை சொன்னதற்குச் சிரிக்கலாம், தப்பில்லை. இனிமேல் சொல்வதற்குச் சிரிப்பவன் என் முகத்தில் முழிக்க வேண்டாம்.

முகாமுக்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு சந்தை நாளில், கரூர்ப் பக்கத்திலிருந்து போர்வை விற்க நாச்சிமுத்து என்று ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். அந்த வாரம் முழுக்க ஊர் போன்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது, எந்த ஊர் எந்த நாடு என்று தெரியாத ஒரு பிள்ளைபிடிப்பு வீடியோ, நம்ம பக்கம் இறங்கிட்டானுங்க உஷார் என்று குரல் சேர்த்து. அதை ஊர் குரூப்பில் போட்டது அங்கன்வாடிக்கு எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற வைரமணி. சந்தை நெரிசலில் அங்கன்வாடியின் பின்கதவைச் சாத்த மறந்துபோயிருந்தது. ஒரு பெண்குழந்தை வெளியே இறங்கி வாய்க்கால் பாலம் வரை போய் அழுதுகொண்டு நின்றது. நாச்சிமுத்து ஒரு தோளில் போர்வை மூட்டையும் மறு தோளில் குழந்தையுமாக விசாரித்து விசாரித்து வந்து அங்கன்வாடி வாசலில் நின்றார். நாகவல்லி டீச்சர் அப்போதுதான் பிள்ளைகளுக்குச் சுவரைக் காட்டிச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். "கோணிக்காரன்" என்றாள். கத்தக்கூட இல்லை, சும்மா சொன்னாள் என்றுதான் சொல்கிறார்கள்.

முதலில் ஓடிவந்தவன் வைரமணி. அதற்குப் பிறகு யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று கணக்குப் பார்க்க முடியாது. அடித்தவர்கள் கொஞ்சம்தான், அடிக்கச் சொன்னவர்கள் அதைவிட அதிகம், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் தள்ளுங்கப்பா, மறைக்குது" என்றவர்கள்தான் ஊரில் பாதி. அவர் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார், யாருக்கும் கேட்கவில்லை. மூட்டை அவிழ்ந்து போர்வைகள் தெருவில் உருண்டன. எல்லாம் முடிந்த பிறகு, கீழே கிடப்பதை எடுத்தால் திருட்டா என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனோம். சந்தன நிறத்தில் பழுப்புப் பூப்போட்ட போர்வைகள். எத்தனை துவைத்தாலும் பூ மங்கவே இல்லை, நல்ல சாயம் என்று இரண்டு வருஷமாகப் பெருமையாகப் போர்த்திக்கொண்டு தூங்கினோம்.

போலீஸ் வந்து கேட்டபோது ஊர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. கண்ணால் கண்டதை அப்படியே சொன்னோம்: பனை உயரம், சடைத்தலை, சிவந்த கண், கோணிச்சாக்கு. ஆஸ்பத்திரியில் கிடந்த உடம்போ குட்டையானது, தலை வழுக்கை, ஊர்ப் பையன்களின் தோளுக்குக்கூட எட்டாது. அப்படியானால் நீங்கள் பார்த்த ஆள் வேறு, செத்த ஆள் வேறு என்று ஆகிவிட்டது; அந்த நெட்டையன் இந்தக் குட்டையனை அடித்துக் கொன்றுவிட்டு ஓடியிருக்க வேண்டும் என்று வக்கீல் எடுத்துச் சொன்னபோது, ஊரும் ஆமாம் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டியது. அன்றைக்கு எங்கள் போனிலேயே எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள், அதிலும் எங்களுக்கு நெட்டையன்தான் தெரிந்தான். நாச்சிமுத்துவின் மனைவி பாவாயி விடாமல் மனுப் போட்டுப் போட்டு, வைரமணி மீதும் அவன் கூட்டாளிகள் மீதும் வழக்கு மட்டும் பெயருக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் அந்த அம்மா ஒரு நாள் முன்னதாகவே தாழைமடையில் இறங்கி வீடுவீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்கும், எங்கூட்டுக்காரரப் பாத்தீங்களாங்க என்று. நாங்கள் கதவைச் சாத்துவோம், பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வோம்.

முகாம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும், மத்தியானம் அங்கன்வாடிப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு, டீச்சர் அன்றைக்குத் தெருவில் எடுத்த போர்வையின் மேல் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. நாகவல்லி டீச்சர் கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டுவிட்டு, பச்சைத் துணியை ஒதுக்கி இடது கண்ணால் தரையைப் பார்த்தாள். பிள்ளைகளின் கன்னத்துக்கு அடியில் இருந்த பூக்கள் பூவாக இல்லை. இதழும் இல்லை, காம்பும் இல்லை. தெறித்துச் சொட்டி இழுத்துக் காய்ந்த கறை, ஒரு இடத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது, அதன் மேல் ஒரு குழந்தை வாயைத் திறந்து எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வலது கண்ணால் பார்த்தாள், பூ. இடது கண்ணால் பார்த்தாள், ரத்தம். மற்ற எல்லாரும் அந்த வாரம் வீட்டுக்கு வீடு இதையே பார்த்துவிட்டு, குமட்டிக் குமட்டித் துப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, குளிர்கிறது என்று மறுபடியும் அதையே இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். என் வீட்டிலும் ஒன்று இருந்தது. நாகவல்லி டீச்சர் மட்டும் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெறும் தரையில் கிடத்தினாள், போர்வையை மடித்தாள், சுவரில் நின்றவனைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து அழித்தாள். எழுந்த பிள்ளைகள் சுவரைப் பார்த்துவிட்டுக் கோணிக்காரன் எங்கே போயிட்டான் என்று அழுதன.

அடுத்த வாய்தாவுக்குப் பாவாயி வந்தபோது டீச்சர்தான் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாம்மா."

பாவாயி உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள். இரண்டு வருஷமாக யாரும் அவளை வா என்று சொன்னதில்லை. "ஏனுங்க டீச்சரம்மா, எங்கூட்டுக்காரரப் பாத்தீங்களாங்க?"

"பாத்தேன். இப்பத்தான் பாத்தேன்."

"கேசுப் பேப்பர்ல இருக்கறது அவரு இல்லீங்க. அத்தன ஒசரமெல்லாம் அவரு இல்லீங்க. பரண்ல இருக்கற பாத்திரம் போசியக்கூட எட்டி எடுக்க மாட்டாருங்க, நாந்தான் எடுத்துத் தரோணும். யார ஜெயில்ல போடறாங்க, போடாட்டிப் போறாங்க, அது சாமி பாத்துக்கும். இப்படி ஒரு மனுசன் வந்தாருன்னு ஒருத்தராச்சும் சொல்லோணுங்க. இல்லீன்னா அவரு வரவே இல்லீன்னு ஆயிப்போயிருமுங்க."

நாகவல்லி டீச்சர் மடித்த போர்வையை எடுத்து நீட்டினாள். பாவாயி பிரித்துப் பார்த்தாள், நுனியைத் தடவித் தையலைப் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டினாள்.

"இது அவரு சரக்குத்தானுங்க, தையலு நான் போட்ட தையலு. ஆனா பூப்போட்டது நாங்க விக்கறதே இல்லீங்களே. வெறும் சந்தனக் கலருதானுங்க."

பாவாயி இன்னொரு தடவை பார்த்தாள், அவளுடைய கண்ணில் உரிக்க ஒன்றும் இல்லை, அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. போர்வையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். தெருவில் போனவர்கள் எல்லாரும் இடது கண்ணை மூடிக்கொண்டு போனார்கள்.

டீச்சர் சாட்சி சொல்லப் போகிறாள் என்ற செய்தி வாய்க்கால் தண்ணீரைவிட வேகமாகப் பரவியது. சேர்மன் சங்கரலிங்கம் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார். "இந்த ஒத்தக் கண்ணால ஊரு ரெண்டு பட்டுக் கிடக்கு. ஒரு கண்ணு ஒண்ணு சொல்லுது, மறு கண்ணு வேற சொல்லுது, மனுசன் எப்படிப் பொழைக்கிறது? டாக்டரம்மா உரிச்சதை நாம ஒட்டிக்கிருவோம்" என்றார், கைதட்டினார்கள். போஸ்டர் ஒட்டுகிற பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் தகர டிரம்மில் மைதாவைக் கொட்டி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, நீலம் பாரித்த பசையாகக் கிண்டி இறக்கினார். கொடியில் காய்ந்த தோல்களை எடுத்துக்கொண்டு ஊர் வரிசையில் நின்றது. படுக்கவைத்து, இமையை இழுத்துப் பிடித்து, பசையைத் தடவி, தோலை வைத்துக் கட்டைவிரலால் அமுக்கி, "ம், அடுத்த ஆள்" என்றார்கள். அவசரத்தில் யார் தோல் யாருக்கு என்று பார்க்கவில்லை. சேர்மக்கனிக்கு ராஜவம்சம் போனது, ஞானப்பிரகாசம் வாத்தியாருக்கு அரிவாள் கதாநாயகன் வந்தான், வாத்தியார் அன்றிலிருந்து வகுப்பில் பஞ்ச் டயலாக் பேச ஆரம்பித்தார். ஒருவரும் குறை சொல்லவில்லை, அடியில் இருந்தவன் ஒரே ஆள்தானே. கண்ணிலிருந்து நீலச் சீழ் கன்னத்தில் ஒழுக, ஈ மொய்க்க, அதைத் தோளில் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, இப்பத்தான்யா தெளிவா இருக்கு" என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வீட்டில் போர்வைகள் மறுபடியும் பூத்தன. நான் ஒட்டிக்கொள்ளப் போகவில்லை, அது வீரம் இல்லை, அந்தப் பசை நாற்றம் எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

வைரமணி ஒரு சின்ன டின்னில் பசையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அங்கன்வாடிக்கு வந்தான். அவனுக்கு முப்பது ஆகவில்லை, முகாமில் அவனைச் சோதிக்கவும் இல்லை.

"டீச்சர், உங்க தோலை எடுங்க. நானே ஒட்டி விடுறேன், வலிக்காது."

"அதை அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்டா."

அவன் டின்னைக் கீழே வைத்தான். வெறுஞ்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப சொல்லத்தான் போறீங்க."

"ஆமா."

"எனக்குச் சோறு ஊட்டினது நீங்கதான டீச்சர்? முழுங்க மாட்டேன்னா, அந்தா பாரு வாரான்னு இந்தச் செவத்தைக் காட்டினது யாரு? ராத்திரியெல்லாம் ஒண்ணுக்கு இருக்க எந்திரிக்கப் பயந்து பாயிலயே இருந்திருக்கேன், எங்கம்மாட்ட கேளுங்க. அன்னிக்கு வாசல்ல வச்சு, அவன்தான்னு சொன்னது யாரு? நீங்க காட்டினீங்க, நான் அடிச்சேன். இப்ப நான் மட்டும் உள்ள போகணுமா?"

"நீ மட்டும்னு யாருடா சொன்னா? என்னையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்."

அவன் அழுதான். பெரிய ஆள், பிள்ளை அழுகிற மாதிரி உதட்டைப் பிதுக்கி அழுதான். டீச்சர் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இமையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே போன் வீடியோவும் அதற்கு அடியில் ஏதேதோவும் அடுக்கடுக்காக இருந்தன, அடியில் அவள் கையால் வரைந்தவன் அசையாமல் நின்றான், அவள் கலர்ச் சுண்ணாம்பால் இழுத்த கோடு ஒன்றுகூடக் கலையவில்லை.

"உனக்கும் முத்திப்போயிருக்குடா வைரம். அடுத்த முகாமுக்கு என்கூட வா. உரிச்சுட்டு வந்து நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்று கையை உதறிவிட்டு அவன் போனான். பசை டின் படியிலேயே கிடந்தது, அதில் ஈ விழுந்தது.

இரண்டாவது முகாமுக்கு டாக்டர் பிரிசில்லா வந்தபோது பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா வழியெல்லாம் சீழ் வடிகிற கண்களைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். என்ன பசை இது, யார் தடவியது என்று ஒருமுறை கேட்டார், பிறகு கேட்கவில்லை. நாகவல்லி டீச்சரின் வலது கண்ணையும் உரித்து முடித்து, கருவிகளைக் கழுவிவிட்டு, கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகத்தான் கேட்டார். "அன்னிக்கு உயரமான ஆளைப் பார்த்ததா எழுதிக் கொடுத்திருக்கீங்க. இன்னைக்குக் குட்டையான ஆளுன்னு சொல்றீங்க. அன்னிக்குப் பார்க்காததை இப்ப எப்படிம்மா பார்த்தீங்க?"

"அன்னிக்கே பாத்தேன் ஐயா" என்றாள் நாகவல்லி டீச்சர். "தலை வழுக்கை, வேர்த்திருந்துச்சு. சட்டையில மேல் பட்டன் இல்ல. புள்ளையோட ஒத்தச் செருப்பு அந்துபோயிருச்சு போல, அதைச் சட்டைப் பையில வச்சிருந்தாரு. டீச்சரம்மா, புள்ள பாலத்துல நின்னு அழுதுச்சுங்க, பின்கதவு தொறந்திருக்குதுங்களான்னு கேட்டாரு. அடி விழும்போதும் அதைத்தான் சொல்லிட்டிருந்தாரு, பின்கதவச் சாத்துங்கன்னு. எல்லாம் என் கண்ணுக்கு வந்துச்சு. வந்தது வெளியிலயே நின்னுச்சு. உள்ள வேற ஒருத்தன் உக்காந்திருந்தான். அவனை வரைஞ்சது நான்தான், அவன்தான்னு சொன்னதும் நான்தான். அதையும் எழுதிக்கங்க."

கூண்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த பாவாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பட்டன் நாந்தானுங்க தச்சுத் தரோணும்னு இருந்தேன்" என்றாள், யாரிடமும் இல்லை, சத்தமாக. நீதிபதி அமைதி என்று சொல்லவில்லை. நாச்சிமுத்து வராத ஆளாக இருந்தது அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

வைரமணியும் கூட்டாளிகளும் உள்ளே போனார்கள். நாகவல்லி டீச்சரும் கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள், வேலை போயிற்று, ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. அவள் அத்தனையும் சொன்ன பிறகு தாழைமடைக்குப் புத்தி வந்தது என்று நீங்கள் எதிர்பார்த்தால், உங்கள் கண்ணிலும் ஏதோ தொடர்கதை ஒட்டியிருக்கிறது. ஊர் குரூப்பில் அவள் படம் சுற்றியது, ஊரைக் காட்டிக் கொடுத்தவள் என்று குரல் சேர்த்து. ஞானப்பிரகாசம் வாத்தியார் ஊர் வரலாறு எழுதுகிறார், அதில் அவளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார், நாச்சிமுத்துவுக்கு ஒரு வரியும் இல்லை. புதிதாக வந்த அங்கன்வாடி டீச்சர் பிள்ளைகள் உருண்டையைத் துப்புகிறதே என்று வெறுஞ்சுவரில் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள்: நரைத்த தலை, இமையே இல்லாத மாதிரி முழித்த இரண்டு கண், தோளில் பூப்போட்ட போர்வை மூட்டை, மூட்டையிலிருந்து தொங்கும் இரண்டு சின்னக் கால்கள்.

நேற்று நாகவல்லி டீச்சர் எங்கள் தெரு வழியாகப் போனாள். எதிர்வீட்டுப் பெண் வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்பியது. "ஒரு வாய் வாங்கு, அந்தா பாரு வாரா நாகவல்லி" என்று அவள் கையை நீட்டிக் காட்டினாள். டீச்சர் நின்றாள். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் சுவரிலிருந்து அவள் முதன்முதலாக இறங்கி வந்திருக்க வேண்டும். அதன் கண்ணில் ஈரமாக, மெல்லிசாக ஒன்று படிவதை நான் என் ஒரு கண்ணால் பார்த்தேன், டீச்சர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். பிள்ளை நடுங்கி வாயைத் திறந்தது.

"சமத்து" என்று சொல்லி அம்மா சோற்றை உள்ளே தள்ளினாள்.